பதினேழு முடிந்தது

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்டால் "கேட்கிற கேள்வியைப் பார்" என்பாய், அதனால் கேட்கவில்லை. போனில் பேசினால் அந்த இரண்டு அறை வீட்டில் எல்லாம் வாலுவின் காதுக்குப் போய்விடும் என்று நீ சொன்னதால்தான் இந்தக் காகிதமும் பேனாவும். பள்ளிக்கூடம் விட்டபின் நான் இவ்வளவு நீளமாக எழுதியதில்லை. அச்சகத்தில் செய்வதுபோல் சிவப்புப் பேனாவை எடுத்துவிடாதே.

நீ கேட்டதற்கு வருகிறேன். உன் மகள் வாலுவின் தசைகளைக் கரைக்கிற கோளாறு மரபணுவில் ஒரே ஓர் இடத்தில் இருக்கிறது. அதைத் திருத்தும் மருந்து எலியில் வேலை செய்து இரண்டு வருடம் ஆகிறது. அதை உடம்பு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வண்டிதான் அமையவில்லை. எலி உள்ளங்கை அளவு. பன்றி நாற்பது கிலோ, வாலுவைவிடப் பத்துக் கிலோ அதிகம். அதனால்தான் எங்கள் ஆய்வுக்கூடத்தில் பன்றிகள். நோயை உருவி எடுத்த வெற்று வைரஸ் ஒரு வண்டி, கொழுப்புத் துளி இன்னொரு வண்டி. எதில் ஏற்றினாலும் மருந்து நேராகக் கல்லீரலில் இறங்கி, மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி அங்கேயே உட்கார்ந்துகொள்கிறது.

பதினேழாம் எண் பன்றிக்குப் போன வாரம் மருந்தைப் புது வண்டியில் ஏற்றினோம். வாலுவின் கோளாறோடேயே பிறந்தது. போன விடுமுறைக்கு அவள் வந்தபோது கண்ணாடிக்கு அந்தப்புறம் படுத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்ததே, அதுதான். இங்கே பெயர் வைக்கக் கூடாது. தீவனக்காரர் மட்டும் யாரும் இல்லாதபோது 'மகாராணி' என்கிறார். வாலு அரை நாள் அவரோடுதானே அரட்டை அடித்தாள். அவர் இன்னும் அவளை விசாரிக்கிறார்.

அன்புடன்,
தம்பி

பிப்ரவரி 15

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தில் கொம்பு எது, கால் எது என்று கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் ஆயிற்று. பிழை மட்டும் ஒன்றும் இல்லை. பிழை பார்ப்பதே பிழைப்பாகிப் போன எனக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

வாலுவின் முதுகு இன்னும் வளைந்துவிட்டது. வகுப்பில் இரண்டு பாடவேளைக்கு மேல் நாற்காலியில் உட்கார முடியவில்லை. இடது பக்கம் தலையணை வைத்துக்கொடுக்கிறேன், அதையும் மீறிச் சாய்ந்துவிடுகிறாள். முதுகைத் திறந்து இரண்டு பக்கமும் கம்பி வைக்க வேண்டும் என்கிறார் டாக்டர். அதுவும் சீக்கிரம். குழாயில் ஊதச் சொல்லி நுரையீரலின் பலத்தை அளக்கிறார்கள். இப்போது நூற்றுக்கு முப்பத்தாறு. முப்பதுக்குக் கீழே போனால் மயக்கம் கொடுக்க மாட்டார்களாம். அத்தான் ஏப்ரல் இருபதுக்குத் தேதி வாங்கிவிட்டார்.

எனக்குத்தான் கை கால் ஓடவில்லை. உன் மருந்து வந்துவிட்டால் இந்த வெட்டும் கம்பியும் எதற்கு என்று மனசு அடித்துக்கொள்கிறது. தள்ளிப்போடலாமா? நீ சொல்.

வாலு தினமும் "மகாராணி சாப்பிட்டாளாமா?" என்று கேட்கிறாள். என்னைச் சாப்பிட்டாயா என்று யாரும் கேட்பதில்லை.

உன் அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் நல்ல செய்தி. பதினேழு எழுந்து நின்றது. மூன்று மாதமாக முன்னங்காலை மடித்துப் படுத்தபடியே தின்றுகொண்டிருந்தது. நேற்றுத் தீவன வாளியின் சத்தம் கேட்டதும் தானாக எழுந்து, நான்கு காலிலும் நின்று, வாளியைக் கவிழ்த்துவிட்டது. தீவனக்காரர் அழுதார். நான் நேரத்தைக் குறித்துக்கொண்டேன். பிறகு கழிவறைக்குப் போய் நானும் அழுதேன்.

ரத்தப் பரிசோதனையில் ஒன்றிரண்டு அளவுகள் ஏறியிருக்கின்றன. பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஆபரேஷன் பற்றி நான் என்ன சொல்ல? நான் பன்றி டாக்டர்.

அன்புடன்,
தம்பி

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். கிருமி அண்டாமல் பார்த்துக்கொள்ள, நாளை முதல் புதிதாகப் பிறந்த குட்டிகளோடு தனிமைக் கொட்டிலுக்குள் போகிறேன். ஒரு மாதம் வெளியே வர முடியாது. போன் கிடையாது, கடிதங்களும் வாசலில்தான் கிடக்கும்.

பதினேழு செவ்வாயன்று முடிந்தது. எல்லாம் அமைதியாக, ஒழுங்காக நடந்தது. காலில் மருந்து போக வேண்டிய இடத்துக்குப் போயிருக்கிறது. மற்ற விவரம் வந்து எழுதுகிறேன். வாலுவுக்கு என் முத்தம்.

தம்பி

ஏப்ரல் 11

என் அருமைத் தம்பிக்கு,

நீ இதை எப்போது படிப்பாயோ தெரியாது, ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. உன் கடிதத்தை அச்சகத்திலேயே பிரித்துப் படித்தேன். வீட்டுக்கு வந்து வாலுவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். மகாராணிக்கு வைத்தியம் முடிந்துவிட்டது, மருந்து காலில் போய்ச் சேர்ந்துவிட்டது, அடுத்தது நம் முறைதான் என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது. என் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

ஆபரேஷன் தேதியை ரத்து செய்துவிட்டேன். அத்தானுக்குக் கோபம். "பன்னி எழுந்து நின்னா போதுமா?" என்றார். உன் கடிதத்தை அவர் முன்னால் வைத்தேன். படித்துவிட்டு எழுந்து போய்விட்டார். ஆம்பளைகளுக்கு எப்போதுமே நம்பிக்கை லேட்டாகத்தான் வரும். உன்னைத் தவிர.

ரொம்ப நாளுக்குப் பிறகு நேற்று வேலை செய்யும்போது பாடினேன். பக்கத்து மேசைக்காரி நிறுத்தச் சொன்னாள்.

உன் அக்கா

மே 7

அக்கா,

நேற்று வெளியே வந்ததும் வாசலில் உன் கடிதத்தைப் பார்த்தேன். உடனே போன் செய்தேன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு நீ போனை வைத்துவிட்டாய். பிறகு எடுக்கவே இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

எங்கள் கொட்டிலில் யாரும் கொல்வது என்று சொல்வதில்லை. பதிவேட்டில் கடைசிக் கட்டத்தின் பெயர் 'முடிவு'. ஊசி போட்டு உறங்க வைத்து, பிறகு உடம்பைத் திறந்து மருந்து எங்கெங்கே போயிருக்கிறது என்று பார்ப்பதுதான் எங்களுக்கு முடிப்பது. திறக்காமல் தெரியாது. எழுந்து நின்றிருந்தாலும் பதினேழுக்கு அந்தச் செவ்வாய் ஆரம்பத்திலேயே குறித்து வைத்த நாள்தான். கால் தசையில் பாதி திருந்தியிருந்தது. இதயத்துக்கு மருந்து போகவே இல்லை. கல்லீரல் வீங்கிப் பழுத்துக் கிடந்தது. நாங்கள் முடிக்காவிட்டாலும் ஒரு வாரம் தாங்கியிருக்காது. இந்த வண்டியைக் கைவிட்டுவிட்டோம். மனிதருக்கு வர இன்னும் எத்தனை வருடம் என்று எனக்குத் தெரியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 'முடிந்தது' என்று எழுதும்போது பேனா ஒரு கணம் நின்றது. நீ எப்படிப் படிப்பாய் என்று எனக்குத் தெரிந்தது. அடித்துவிட்டு 'செத்துப்போனது' என்று எழுதியிருக்கலாம். ஒரு மாதம் நிம்மதியாக இருக்கட்டும், வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஆபரேஷனைத் தள்ளிப்போடுவாய் என்று யோசிக்கவில்லை. தள்ளிப்போடலாமா என்று நீ கேட்டதற்கு ஒரு வரியில் வேண்டாம் என்று எழுதத் துப்பில்லாமல் பன்றி டாக்டர் என்று விளையாடினேன்.

உடனே மறுபடி தேதி வாங்கு. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

தம்பி

மே 26

தம்பிக்கு,

போன செவ்வாய்க்கிழமை வாலுவை ஊத வைத்தார்கள். இருபத்தேழு. டாக்டர் மூன்று முறை ஊதச் சொன்னார். மூன்றாவது முறை அவள் என்னைப் பார்த்துக்கொண்டே ஊதினாள். இருபத்தாறு. மயக்கம் கொடுத்தால் மறுபடி எழுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இனி அந்த முதுகு வளைகிறபடி வளையும். அத்தான் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

உன் ஏப்ரல் கடிதத்தை அச்சுக்குப் போகிற பக்கம்போல் எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. நீ எனக்கு ஒரு மாத நிம்மதி கொடுக்க நினைத்தாய். நான் அதை வாங்கிக்கொண்டேன். அவள் முதுகைக் கொடுத்து வாங்கினேன்.

இதை உன்னோடு மட்டும் சண்டை போட்டு ஆற்றிக்கொண்டிருப்பேன். ஆனால் நேற்று மகாராணியைப் பற்றி வாலுவிடம் சொல்ல உட்கார்ந்தேன். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் அவளுடைய போர்வையை மடித்துக்கொண்டே இருந்தேன். அவளே சொன்னாள்.

"தெரியும்மா. முடிக்கிறதுன்னா என்னன்னு தீவனக்கார மாமா நான் அங்க போனப்பவே சொல்லிட்டார். நீ லெட்டரைப் படிச்ச அன்னிக்கு எவ்வளவோ நாளுக்கப்புறம் சிரிச்சே. அதான் சொல்லலை."

ஆபரேஷனை ரத்து செய்தபோதாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"கம்பி வைக்கிறதுன்னா எனக்கும் பயமா இருந்துச்சும்மா."

ஆக, அத்தனை பேரில் அந்த வார்த்தையைத் தப்பாகப் படித்தவள் பிழை திருத்துகிற நான் ஒருத்திதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மகாராணிக்கு வலித்ததா, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்கிறாள். அவள் பெயருக்கு எழுது. உள்ளதை உள்ளபடி எழுது, அவளுக்குப் புரியும். உறையை நான் பிரிக்க மாட்டேன்.

எனக்கு எழுத வேண்டாம்.

அக்கா