ரேடியேட்டருக்கு ஊற்றிய தண்ணீர்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். முழங்கால் வலி அதன் இஷ்டத்துக்கு வருகிறது, போகிறது. மற்றபடி குறையில்லை. பேத்திக்குச் சளி விட்டதா? ஈரத்தலையோடு வெளியே விடாதே.

போனில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன் என்று கோபமாக இருப்பாய். போனில் என்றால் நீ குறுக்கே புகுந்து அழுவாய், நான் இளகிவிடுவேன். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. நான் சொல்லி முடிக்கும்வரை நீ கேட்டுத்தான் ஆகவேண்டும்.

ஆமாம், உன் சித்தப்பா மகன் வாலுவின் பிக்கப் வண்டிக்கு என்ன கோளாறு என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நீ அங்கே இருப்பதால் நடந்தது எதுவும் உனக்கு முழுதாகத் தெரியாது. வாலு அந்த வண்டியில் பீரோ, கட்டில் ஏற்றி வீடு மாற்றிக் கொடுத்துப் பிழைக்கிறான். கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டி. கொஞ்ச நாளாகவே கியரைப் போட்டால் வண்டி யோசித்துவிட்டு ஒரு குலுக்குக் குலுக்கித்தான் நகர்கிறது. நம் வீட்டு மேட்டில் ஏறும்போது இன்ஜின் மட்டும் கத்துகிறது, சக்கரம் அசைவேனா என்கிறது. முந்தாநாள் பீரோவோடு பின்னாலேயே சரிந்து வந்தது. பின்னால் ஒரு பெண் ஸ்கூட்டரில் நின்றிருந்தாள். அவன் பிரேக்கை மிதித்த மிதியில்தான் அவள் தப்பினாள்.

உன் சித்தப்பா பட்டறையில் கியர் ஆயிலை இறக்கிப் பார்த்தாராம். தண்ணீர் கலந்திருந்ததாம். உடனே பழி பிள்ளை மேல். "மழையில சுரங்கப்பாதைக்குள்ள விட்டு ஓட்டினியேடா, கண்ணு எங்க வெச்சிருந்த?" என்று ஆட்கள் முன்னால் கத்தியிருக்கிறார். ஆயிலை மாற்றினார்கள். ஒரு வாரம் ஒழுங்காக ஓடியது. பிறகு பழைய கதைதான். மறுபடி மாற்றினார்கள். மறுபடி அதே கதை. மழை நின்று எத்தனை நாளாயிற்று? பிறகு எங்கிருந்து வந்தது தண்ணீர் என்று அந்தப் பெரிய மேதைக்குக் கேட்கத் தோன்றவில்லை.

எனக்குத் தோன்றியது. காலையில் வாலு நம் வாசலில் நிறுத்தி, "பெரியம்மா, ரேடியேட்டருக்கு ஒரு பாட்டில் தண்ணி" என்று கேட்பான். நானும் பிடித்துக் கொடுப்பேன். தினமும் குறைகிறதே, ரோட்டில் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லையே என்று பார்த்தேன். ஒழுகியது வேறு. வண்டி நின்ற இடத்தில் குழந்தைகளுக்குக் கொடுக்கும் ரோஸ் நிற மருந்து மாதிரி ஒரு கறை. கியர் ஆயில் சிவப்பாகத்தானே இருக்கவேண்டும்?

இதே ரோஸ் நிறத்தை உன் அப்பா என் சமையல் கிண்ணத்தில் பிடித்துக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார். பட்டறைக்கு வந்த யாரோ ஒருவருடைய வேன். அது ஏன் இப்படி ஆகிறது என்றும் விளக்கிச் சொன்னார். கிண்ணம் பாழானதற்காக அவரோடு நான் பேசாமலிருந்தது தனிக்கதை. அன்றைக்கு வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு சினிமாவுக்குப் போனவர் உன் சித்தப்பா. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

அப்பா போனதும், நம் கண்ணீர் காயுமுன்னே, அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்திய பட்டறையின் பூட்டை மாற்றினவர் அவர். நியாயம் கேட்டுப் போன என்னை வாசலிலேயே நிற்கவைத்து, "அண்ணிக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்? சோறாக்கத் தெரியும்" என்றார். ஆட்கள் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன்.

முந்தாநாள் அப்படிச் சரிந்து வந்த வண்டி நம் வாசலிலேயே படுத்துவிட்டது. அவரே வந்தார். அடியில் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், துணியில் கையைத் துடைத்தபடியே நின்றார். பிறகு மெதுவாக, "அண்ணி, அண்ணன் இந்த மாதிரி வண்டி பாத்திருக்காரே, ஏதாவது சொல்லியிருக்காரா?" என்றார்.

இத்தனை வருஷம் நான் காத்திருந்தது அதற்குத்தான். "சோறாக்குறவளுக்கு என்ன தெரியும், தம்பி?" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அன்றைக்குச் சாப்பாடு ருசித்தது. பொய் சொல்ல மாட்டேன்.

நேற்று வாலு வந்தான். தண்ணீர் கேட்கவில்லை. "அப்பா வண்டிய வித்துட்டு எங்கயாவது வேலைக்குப் போகச் சொல்றாரு பெரியம்மா. எனக்கு ஓட்டவே தெரியலையாம்" என்றான். அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு படியில் குறுகி உட்கார்ந்திருந்தான். என்னைச் சொன்ன அதே வாய்தான் அவனையும் சொல்கிறது. அப்பனுக்கு நான் வைத்த சூடு பிள்ளையின் முதுகில் அல்லவா விழுந்திருக்கிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகவே கவனமாகப் படி. கியர் ஆயில் சூடு தணிய ஒரு குழாய் வழியாக ரேடியேட்டருக்குள் போய்த் திரும்புகிறது. உள்ளே அந்தக் குழாய் அரித்து ஓட்டை விழுந்திருக்கிறது. ரேடியேட்டர் தண்ணீர் அதன் வழியாகத்தான் கியர்பாக்ஸுக்குப் போகிறது. முதலில் ரேடியேட்டரை மாற்றவேண்டும். குழாய்களைக் கழுவவேண்டும். அப்புறம்தான் ஆயில். உள்ளே தகடுகள் ஊறிப்போயிருந்தால் கியர்பாக்ஸைப் பிரித்துத்தான் ஆகவேண்டும். வேறு கியர்பாக்ஸ் வாங்கிப் போடப்போவதாகவும் பேச்சு. இந்த ரேடியேட்டரோடு போட்டால் அதுவும் பாழ்.

இதை நீ வாலுவிடம் சொல். ஆனால் தனியாகச் சொல்லக்கூடாது. பட்டறையில் ஆட்கள் எல்லோரும் இருக்கும் நேரம் பார்த்துக் கூப்பிடு. போனை ஸ்பீக்கரில் போடச் சொல். சித்தப்பா பக்கத்தில் நிற்கிறாரா என்று கேட்டுக்கொள். பிறகு, "மழையும் இல்ல, தம்பி ஓட்டின தப்பும் இல்ல. இதக் கண்டுபிடிச்சது எங்கம்மா" என்று சத்தமாகச் சொல். நிறுத்தி நிறுத்திச் சொல். அவர் முகம் போன போக்கை வாலுவிடம் கேட்டு, ஒன்று விடாமல் எனக்கு எழுது.

வண்டி மறுபடி நகர்ந்தாலும் அதில் மேடு ஏறாதே என்று நேற்றே அவனிடம் சொல்லி அனுப்பினேன். ரேடியேட்டர் மாற்றும்வரை ஏற வேண்டாம் என்று மட்டும், இதைப் படித்த கையோடு நீயும் அவனுக்குச் சொல்லிவிடு. அதற்கு ஆள் கூடும்வரை காத்திருக்காதே.

பிள்ளை நூறு வயசு நன்றாக இருக்கட்டும். அவன் அப்பனுக்கும் ஆயுசு கெட்டியாக இருக்கட்டும். அண்ணி சொல்லித்தான் வண்டி ஓடுகிறது என்று தினமும் நினைத்துக்கொண்டு அவர் ரொம்ப காலம் வாழவேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா