சொம்படித் தழும்பு

1962, ஆவணி 12, செவ்வாய்.

என் தலைக்குள் கட்டியாம். திருச்சி ஆஸ்பத்திரியில் இன்றைக்கு டாக்டர் படத்தைப் பார்த்துச் சொன்னார். மூளையில் வந்த கட்டி இல்லை, மூளையை மூடியிருக்கும் சவ்வில் வந்ததாம். வேறு இடத்திலிருந்து பரவி வந்ததும் இல்லை. மெதுவாக வளரும் சாதுவான ஜாதி என்றார். ஆனால் எடுக்காமல் விட்டால் கண் போய்விடுமாம். ஆபரேஷனுக்குப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டுமாம்.

கூட வந்த நாத்தனார் செல்லம் முந்திக்கொண்டாள். "அண்ணி எதையும் மறக்க மாட்டாங்க டாக்டர். மனசுல வச்சு வச்சே கட்டியாயிடுச்சோ?"

"கோபத்தால கட்டி வராதும்மா" என்றார். அவரை எனக்குப் பிடித்துவிட்டது. உடனே கேட்டேன்.

"சொம்பால அடிச்சா வருங்களா?"

செல்லத்துக்கு முகம் வெளுத்தது. எனக்குக் கல்யாணமான வருஷம், ஆடிப்பெருக்கன்று, அம்மா மண்டபம் படித்துறையில், தனக்கு முன்னால் எனக்கு மஞ்சள் கயிறு கட்டிவிட்டார்கள் என்று பித்தளைச் சொம்பை என் தலையில் வீசியவள் இவள்தான்.

"அதுதான் காரணம்னு சொல்ல முடியாதும்மா. பெரும்பாலும் எதனால வருதுன்னே தெரியறதில்ல."

ஸ்ரீரங்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்வரை செல்லம் என் கையை விடவில்லை. "நானும் பட்டணத்துக்கு வரேன் அண்ணி, உங்க பக்கத்துலயே இருக்கேன்" என்று அழுதாள். வா என்றேன். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

ஆபரேஷனுக்கு முன்னால் அங்கே மொட்டை அடிப்பார்களாம். அடிக்கட்டும். வலது காதுக்கு மேலே அந்தத் தழும்பு பளிச்சென்று தெரியும். செல்லமும் பக்கத்திலேயே நின்று பார்க்கட்டும்.