முழங்காலுக்கு ஓய்வு

மார்ச் 3, திங்கள்

இன்றோடு ஐம்பத்தொன்றாம் நாள். என் முழங்காலுக்கு ஓய்வாம்.

ஜனவரியில் ஒருநாள் நூலக வேலை முடிந்து நான்கு மாடி ஏறி வந்து, வாய் தவறி ‘ஐயோ, முட்டி’ என்றேன். அவ்வளவுதான். முப்பது வருடம் கடைத் தராசுகளைச் சோதித்த இன்ஸ்பெக்டர் என் வீட்டுக்காரர். ஓய்வு பெற்றபின் சோதிக்க எதுவும் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தார். என் கால் கிடைத்துவிட்டது.

குளிர்பதனப் பெட்டியின் கதவில் அட்டவணை ஒட்டியிருக்கிறார். காலை வெந்நீர் ஒத்தடம். மாலை எண்ணெய். பால்கனியில் பதினைந்து நிமிடம் வெயில். படி இறங்குவது கூடாது. தரையில் உட்காருவது கூடாது. காய்கறியிலிருந்து சோப்பு வரை போனில் சொன்னால் வாசலுக்கே வந்துவிடுகிறது. “எல்லாம் இயற்கை முறை. பக்க விளைவே கிடையாது” என்கிறார்.

நான்தான் பக்க விளைவு.

மார்ச் 6, வியாழன்

நான் வேலை பார்க்கும் நூலகத்தின் முதலாளியம்மா போன் செய்தார். “ஒண்ணாம் தேதி வரைக்கும்தான் உங்க இடத்தை வெச்சிருக்க முடியும். அப்புறம் வேற ஆள் போட்டுடுவேன். கோச்சுக்காதீங்க.”

இவரிடம் சொன்னேன். “கால் முக்கியமா, புஸ்தகம் முக்கியமா?”

எனக்கு அந்த மேஜை முக்கியம். ஒரு நாளைக்குப் பத்துப் பேர் என் முகத்தைப் பார்த்துப் பேசும் இடம் அது ஒன்றுதான். இதை இவரிடம் சொல்லாமல் ஒத்தடத் துணியை மடித்துக்கொண்டிருந்தேன். ஏன் சொல்லவில்லை?

மார்ச் 9, ஞாயிறு

மூச்சு முட்டுகிறது.

மார்ச் 12, புதன்

கட்டிலை விட்டு எழுந்தபோது கால் வெடவெடவென்று நடுங்கியது. ஓய்வில் வலி போகவில்லை, பலம்தான் போயிருக்கிறது. இவர் மட்டும் தினமும் காலை ஆறு மணிக்கு ஷூ மாட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போகிறார். ஏழு மணிக்கு வந்து பெருமை வேறு — “இன்னிக்கு ஆறு சுத்து!” எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நாளை இவர் போனபின் படி இறங்கிப் பார்க்கப் போகிறேன். ஐம்பத்தெட்டு வயதில் திருட்டுத்தனம்!

மார்ச் 13, வியாழன்

இதை எழுதியே ஆக வேண்டும்.

ஆறேகாலுக்குக் கதவைத் திறந்தேன். கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக. பத்துப் படி இறங்கித் திரும்பினால் — இவர். ஷூ போட்டுக்கொண்டு, மடியில் செய்தித்தாளோடு, படியில் உட்கார்ந்திருக்கிறார்.

இரண்டு பேரும் திருதிருவென்று விழித்தோம்.

“பூங்கா?”

“போகலை.”

“எத்தனை நாளா?”

கேட்கக் கேட்கத்தான் உண்மை வந்தது. டிசம்பரிலிருந்தே இறங்கும்போது இவருக்கு முழங்கால் மடங்கிவிடுகிறதாம். ஒருநாள் கீழே போய்விட்டு ஏற முடியாமல், எதிர்க் கடைக்காரர் தோள் கொடுத்து மேலே கொண்டுவந்து விட்டிருக்கிறார். அப்போது நான் நூலகத்தில் இருந்தேன்.

“எங்கிட்ட சொன்னா என்ன?”

“நீ வேலைக்குப் போயிடுவே. நான் நாள் பூரா மேலே தனியாக் கிடக்கணும். நீ ஐயோன்னதும்... அதான்...”

அதான் என்னையும் சேர்த்து அடைச்சு வெச்சீங்களா? கத்திவிட்டேன். மாடி மாடியாக எதிரொலித்தது. ரெண்டு மாசம்! பாவி மனுஷா, என் ரெண்டு மாசத்தை யார் திருப்பித் தருவா?

இவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததே என்று இன்னும் கோபம் வந்தது.

மார்ச் 17, திங்கள்

பிசியோதெரபி பெண் வீட்டுக்கு வந்தாள். என் காலை மடக்கி நீட்டிப் பார்த்தாள். “மூட்டுல பெரிசா ஒண்ணுமில்லைம்மா. தொடைதான் இளைச்சிருக்கு. முட்டியைத் தாங்கறதே தொடைதானே? ஓய்வு குடுத்தே கெடுத்திருக்கீங்க.”

இவர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

“சார், அடுத்து நீங்க.”

இவருக்குத் தேய்மானம் இருக்கிறதாம். ஆனாலும் இருவருக்கும் பயிற்சி ஒன்றேதான். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுவது. முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்துவது. தாங்கும் அளவுக்குப் படி ஏறி இறங்குவது. இவர் மட்டும் ஏழு கிலோ குறைய வேண்டும். தராசு இன்ஸ்பெக்டருக்கே எடை கூடுதல்! சிரித்துவிட்டேன். வியாழனுக்குப் பிறகு இன்றுதான்.

மார்ச் 24, திங்கள்

நான் இரண்டு மாடி இறங்கி ஏறினேன். இவர் அரை மாடி. பேச்சு அளவாகத்தான்.

மார்ச் 31, திங்கள்

நாளைக்கு வேலை. ‘போகாதே’ என்று இவர் சொன்னால் சண்டை போட்டுவிட்டுக் கிளம்பலாம். மனிதர் சொல்ல மாட்டேன் என்கிறார். என் பையைத் துடைத்து வைத்திருக்கிறார். இப்போது யாரும் என்னைத் தடுக்கவில்லை. ஆனாலும் போக மனம் வரவில்லை. இது என்ன கஷ்டம்?

ஏப்ரல் 1, செவ்வாய்

போனேன். பதினொரு பேர் புத்தகம் எடுத்தார்கள். ஒருவர், “எங்கே போயிட்டீங்க?” என்று கேட்டார்.

ஐந்து மணிக்குத் திரும்பி ஏறினால், இரண்டாம் மாடியில் இவர். இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, சட்டையெல்லாம் வியர்வை.

“என்னங்க இது! எதுக்கு இறங்கினீங்க?”

“நீ வரும்போது கீழே வாசல்ல நிக்கலாம்னு பார்த்தேன்.”

“எப்போ கிளம்பினீங்க?”

“மூணு மணிக்கு. ரெண்டு மணி நேரம் போதும்னு நினைச்சேன்.”

பையைக் கீழே வைத்தேன். இருவரும் படியிலேயே உட்கார்ந்தோம். இவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“நாளைக்கு ரெண்டரைக்கே கிளம்பிடறேன்.”