கைக்கணினிக்குள் நாற்பது பேர்

ஐப்பசி 19, திங்கள்
காலை மப்பும் மந்தாரமும். முழங்கால் குத்து, கடலுக்குப் போகவில்லை. அகதி முகாம் வகுப்பில் அறுபத்தாறு வயதில் எழுத்துப் பழகியவன் நான். இன்று ஒரு பிழையும் இல்லை. (நாளை திரும்பப் பார்க்க.)
எங்கள் ஊர் வங்காலைக்குத் திரும்பி ஐந்து மாதம். காணாமற்போனவர்களைப் பதியும் றெஜினா மிஸ் வந்தார். உள்ளங்கை அளவு கணினி, யாரோ வெளிநாட்டில் பாவித்தது. குச்சியால் தொட எழுத்து வருகிறது. நான் சொல்லச் சொல்ல அமலன், என் மகன், திரையில் வந்தான். நானே வாசித்தேன்! அந்தச் சந்தோசத்தில், அவனைப் பிடித்துப் போனதைக் கண்டவன் பெயரையும் எழுத்துக் கூட்டிக் கொடுத்தேன்: சூ-சை-தா-சன். பக்கத்து வீடு. எனக்கு மட்டும் சொன்னவன்.

20, செவ்வாய்
காற்றில்லை. கோயிலடியில் வெள்ளை வாகனம். உள்ளே இருவர், இறங்கவில்லை. கடைக்காரியைக் கூப்பிட்டுக் கேட்டார்களாம், "அந்தப் பதியிற பிள்ளை எந்தெந்த வீட்டுக்குப் போறவ?"
சூசைதாசனிடம் அவன் பெயரைக் கொடுத்ததைச் சொல்லிவிட்டேன்.
"அண்ணை, நீங்கள் எழுத்துப் படிச்சது எனக்கெல்லோ சனியனாப் போச்சு!"
சிரிக்கவில்லை அவன்.

21, புதன்
மிஸ் வந்ததும் அவன் பெயரை அழிக்கச் சொன்னேன். திரையிலிருந்து போய்விட்டது.
"முழுசாப் போகேல்லை ஐயா. அழிச்சதெண்டு ஒரு குறிதான் விழும். பேர் உள்ளுக்குக் கிடக்கும். எங்கட கந்தோரில பெரிய கணினியோட சேர்க்கேக்க அதுவும் சேர்ந்து போகும்."
விளங்கச் சொன்னார். உள்ளே இரண்டு இடம். ஒன்றில் கணினியின் சொந்த அறிவு, செய்யும்போதே பதித்தது, எப்போதும் இருக்கும். மற்றதில் நாங்கள் சொன்னவை. அவை பற்றரி உயிரோடு இருக்கும் வரைக்கும்தான்.
"அப்ப பற்றரியைக் கழட்டினா?"
"கொஞ்ச நேரம் தாங்கும். பிறகு இதில பதிஞ்ச நாற்பது பேரும் போயிடுவினம். இன்னும் கந்தோரில சேர்க்கேல்லை, வேற பிரதி இல்லை."
பாலத்தடிச் சோதனையில் பைகளைக் கிண்டுகிறார்களாம். கணினியை என்னிடம் விட்டுப் போனார். வெள்ளி வந்து எடுப்பாராம். வாசலில் நின்று, "ஆருக்கும் ஆபத்தெண்டா யோசியாதேங்கோ ஐயா, கழட்டுங்கோ."

22, வியாழன்
மழை. நாற்பது பேரையும் கொப்பியில் பார்த்தெழுதத் தொடங்கினேன். பெயர், வயது, கடைசியாகக் கண்ட இடம். முதலில் அமலன். சூசைதாசனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஒருவருக்குக் கால் மணித்தியாலம். விரல் நோகிறது. ஆனாலும் எழுத்து வடிவாக விழுகிறது. வெட்கங்கெட்ட சந்தோசம். இருட்டும்போது பத்தொன்பது.

23, வெள்ளி
மிஸ் வரவில்லை. அழைத்தால் அவர் தொலைபேசி வேலை செய்யவில்லை.
பத்து மணி. வாகனம் எங்கள் ஒழுங்கைக்குள். முதல் வீட்டில் கேட்கிறார்கள், "மிஸ் தந்திட்டுப் போன சாமான் ஆரிட்ட?"
இருபத்தொன்பதாவது பெயரை முடித்தேன். முப்பதாவது ஒரு பெண்பிள்ளை, 'மே' மட்டும் எழுதியிருந்தேன். அதை வெட்டிவிட்டுப் பற்றரி இரண்டையும் கழற்றினேன். எவ்வளவு நேரம் தாங்கும் என்று நான் கேட்டுவைக்கவில்லை. ஒரு முழுச் செபமாலை சொன்னேன். திரும்பப் போட்டபோது, இன்றுதான் வாங்கியதுபோல மூலையைத் தொடு என்று கேட்டது. அதன் அறிவு இருந்தது. எங்கள் பிள்ளைகள் இல்லை.
கொப்பியை வலைக் குவியலுக்குள் செருகினேன். வந்தவர்கள் கணினியைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். "ஒண்டுமில்லையே, கிழவா." கொண்டுபோய்விட்டார்கள்.
பின்னேரம் சூசைதாசன் வேலிக்கு மேலால்: "அண்ணை, என்ர பேர் போச்சுதோ?"
போய்விட்டது என்றேன்.
"அப்ப மற்றப் பிள்ளையள்?"
கொப்பியை நீட்டினேன். அவனுக்கு வாசிக்கத் தெரியாது. வரிக்கு வரி விரல் வைத்து எண்ணினான். இருபத்தொன்பது. பிறகு முதலிலிருந்து மறுபடியும்.