அய்யாக்குட்டிக்கு வந்த போன்

3 நவம்பர் 2025, திங்கள்

காலையிலிருந்து மழை. கன்டெய்னர் யார்டில் தண்ணீர் நின்றதால் பாதி வேலைதான் நடந்தது. துறைமுக கேட்டில் அய்யாக்குட்டி தான் ஓட்டும் டிரெய்லரை ஓரங்கட்டிவிட்டு இறங்கி வந்தான். ஜூனியர் உலகக்கோப்பை ஹாக்கி மதுரைக்கு வருகிறது என்று நான் சொல்லும் முன்பே செல்லை நீட்டினான். எங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட் பதிந்துவிட்டான். இருபத்தெட்டாம் தேதி, முதல் நாள்.

"உலகக்கோப்பைய மதுரையிலயே பாக்கப் போறோம்லே சிவா" என்றான். நாற்பத்தாறு வயதில் அப்படி ஒரு சிரிப்பு. எனக்குத்தான் சரியாகச் சிரிக்க வரவில்லை.

6 நவம்பர்

நாங்கள் ஆடிய பழைய கிளப்பின் செயலாளர் பொன்னுதுரை அண்ணாச்சி பேசினார். உலகக்கோப்பையை ஒட்டி, மாநில அணிக்கு ஆடியவர்களுக்கு 23ஆம் தேதி சால்வை போடுகிறார்களாம். என் பெயர் இருக்கிறது. அய்யாக்குட்டி பெயர்?

"அவன் ஸ்டேட் ஆடலியே தம்பி" என்றார்.

ஆமாம். ஆடவில்லை.

9 நவம்பர், ஞாயிறு

எழுதியாவது பார்ப்போம். இருபத்தேழு வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவி உமாராணியிடம்கூட.

1998. மாப்பிள்ளையூரணியில் எங்கள் தெருவுக்கே அப்பாவின் பலசரக்குக் கடையில்தான் போன். யாருக்கு அழைப்பு வந்தாலும் ஓடிப்போய்ச் சொல்வது என் வேலை. அன்று அப்பா சரக்கெடுக்கப் போயிருந்தார். மாநில ஜூனியர் அணி முகாமிலிருந்து பேசினார்கள். அய்யாக்குட்டி மறுநாள் காலைக்குள் சென்னையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வரிசையில் அடுத்தவனை எடுத்துக்கொள்வோம் என்றார்கள். அடுத்தவன் யார் என்று கேட்டேன். என் பெயரைச் சொன்னார்கள். போனை எடுத்ததே நான்தான் என்று அவர்களுக்குத் தெரியாது.

அவன் வீடு நாலு வீடு தள்ளி. வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். கடையிலிருந்தே தெரிந்தது. ஒரு சத்தம் கொடுத்தால் போதும். கொடுக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் எனக்கு அழைப்பு வந்தது. அவன்தான் வந்து பஸ் ஏற்றிவிட்டான். என் ஸ்டிக் கீறல் விட்டிருந்தது என்று தன்னுடையதைக் கொடுத்தான்.

இரண்டு வருடம் மாநிலத்துக்கு ஆடினேன். அந்தச் சான்றிதழில்தான் இந்தத் துறைமுக வேலை. அவன் அந்த வருடமே ஆட்டத்தை விட்டுவிட்டான்.

12 நவம்பர்

மழை. ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

15 நவம்பர், சனி

இன்று சொல்லிவிடுவது என்று அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மகள் அனிஷா பள்ளி அணியில் ஆடுகிறவள். மாவட்ட அணித் தேர்வுக்குப் பெயர் கொடுக்கட்டுமா என்று கேட்டு நின்றாள்.

"வேண்டாம்ளா" என்றான் அய்யாக்குட்டி. "நமக்கு அந்த அளவுக்குத் திறமை கிடையாது. நானும் ஆடிப் பாத்தவன்தான். ஒருத்தனும் கூப்பிடல."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வது போலச் சொன்னான். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தது, நான் ஏதாவது சொல்வேன் என்று.

காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அவனிடமிருந்து நான் பறித்தது ஒரு சென்னைப் பயணம், ஒரு வேலை — இவ்வளவுதான் என்று நினைத்திருந்தேனே. ஆள் தன்னைப் பற்றி நினைத்திருந்ததையே அல்லவா பறித்திருக்கிறேன்.

18 நவம்பர்

சொல்லிவிட்டேன்.

மதியம், கேட்டுக்கு வெளியே டீக்கடையில். ஒன்றையும் மறைக்கவில்லை. அடுத்தவன் நான் என்று தெரிந்துதான் சும்மா இருந்தேன் என்பதையும் சொன்னேன். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். டீயைப் பெஞ்சில் வைத்துவிட்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"அப்போ என்னையத்தான் முதல்ல கூப்பிட்டாங்களா?"

"ஆமாலே. உன்னையத்தான்."

வண்டியில் ஏறிப் போய்விட்டான்.

ராத்திரி முழுக்க என்னை நானே கேட்டுக்கொண்டிருந்தேன்: நாலு வீடுதானேலே. எந்திச்சுப் போக உனக்கு என்ன வந்துச்சு?

21 நவம்பர்

செல்லை எடுக்கமாட்டேன் என்கிறான். இன்று கேட்டில் டிரெய்லர் என்னைத் தாண்டித்தான் போனது. எப்போதும் கையைத் தூக்குவான்.

சால்வை வேண்டாம் என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டார். உடம்பு சரியில்லை என்றேன். அங்கேயும் பொய்.

23 நவம்பர், ஞாயிறு

விழாவுக்குப் போகவில்லை.

28 நவம்பர், வெள்ளி

மதுரைக்கும் போகவில்லை. லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன்.

உமாராணி கடைத்தெருவில் அய்யாக்குட்டி மனைவி செல்வராணியைப் பார்த்துவிட்டு வந்தாள். அப்பாவும் மகளும் விடியக்காலையிலேயே மதுரைக்குப் பஸ் ஏறிவிட்டார்களாம். அனிஷா மாவட்டத் தேர்வுக்குப் பெயர் கொடுத்துவிட்டாளாம். அவனே பள்ளிக்குப் போய் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தானாம்.

"அந்தக் காலத்துல அய்யாக்குட்டி அண்ணனுக்கு ஸ்டேட் கேம்ப்ல இருந்து போன் வந்துச்சாமே. உங்களுக்குத் தெரியுமா? தெரு முழுக்கச் சொல்லிட்டுத் திரியுதாராம்" என்றாள்.

பிறகு ஏன் போகவில்லையாம் என்று கேட்டேன்.

"லைன் சரியில்லையாம். தகவல் வந்து சேரலியாம். அப்படித்தான் சொல்லியிருக்காரு."

அவள் கையிலிருந்த காய்கறிப் பையை வாங்கிக் கீழே வைத்தேன். உமா, இங்கன கொஞ்சம் உட்காரு என்றேன்.