பெயர் போடாத படம்

7 ஜூன், சனி

இன்று மட்டும் பதினேழு படங்கள். எங்கள் பொழிச்சலூர் குடியிருப்போர் சங்கம் நடத்தப்போகும் கண்காட்சிக்கு: தினமும் கைபடும் ஒரு பொருளை யார் வேண்டுமானாலும் வரைந்து தரலாம். சீப்பு, இட்லித் தட்டு, சார்ஜர், இன்ஹேலர் எல்லாம் வந்துவிட்டன. அனகாபுத்தூர் கனகவல்லி அக்கா தண்ணீர்க் குடம் வரைந்துவிட்டு, "இன்னா டீச்சர், கொடம் சாஞ்சிகினு கீதே, பரவால்லியா?" என்றார். அதுதான் அழகு என்றேன்.

என் கணவர் ஷ்யாமையும் வரையச் சொன்னேன். "ஆபீஸ்ல எங்க நேரம்?" என்றார்.

10 ஜூன், செவ்வாய்

ஒன்பதாம் வகுப்பு கட்டுரை நோட்டுகள். கை வலி.

14 ஜூன், சனி

படங்களைப் போடச் சொல்லி தாம்பரம் நூலகத்தில் வைத்த பெட்டியைத் திறந்தோம், நானும் அங்கே வேலை பார்க்கும் ஜாஸ்மினும். நான்காவது படம், பென்சிலில் ஒரு டிபன் பாக்ஸ். மூடியில் புள்ளிப் புள்ளியாக என் பெயர், 'விஷ்னுப்ரியா'. மூன்று சுழிக்கு பதில் இரண்டு சுழி! ஷ்யாம் தினமும் ஆபீஸுக்கு எடுத்துப்போகும் டப்பாவில் பாத்திரக்கடைக்காரர் செய்த பிழை. அதையும் விடாமல் வரைந்திருக்கிறார். கீழே பெயர் இல்லை.

"இத வரைஞ்ச சாரையா கேக்குறீங்க மிஸ்? டெய்லி பத்து மணிக்கு வந்துடுவாரு. அஞ்சு வரைக்கும் பேப்பர் படிச்சிகினு இருப்பாரு. ஒரு மாசமா" என்றாள் ஜாஸ்மின்.

ஒரு மாசமா?

16 ஜூன், திங்கள்

"ஆபீஸ்ல ஏசி ரிப்பேர்" என்றார் சாப்பிடும்போது. நான் ரசம் ஊற்றினேன். என்கிட்ட சொல்றதுக்கு என்ன? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்? கோபமா, அழுகையா — தெரியலை.

வெள்ளிக்கிழமை நூலகம் விடுமுறை. அன்றைக்கெல்லாம் எங்கே உட்கார்ந்திருப்பார்?

17 ஜூன், செவ்வாய்

பள்ளிக்கு லீவு போட்டேன். பதினொரு மணிக்கு நூலகம். ஜன்னலோர மேசை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார், காப்பியடித்துப் பிடிபட்ட மாணவனைப் போல. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அங்கே மெதுவாகத்தான் பேச முடியும். அதுவும் நல்லதாகப் போயிற்று.

"மே மாசமே அனுப்பிட்டாங்க ப்ரியா. முப்பது பேரை."

"பெட்டி என் கைக்குத்தான் வரும்னு தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும். அதான் வரைஞ்சேன். வாயால சொல்ல வரலை."

வெள்ளிக்கிழமைகளைப் பற்றிக் கேட்டேன். தாம்பரம் ஸ்டேஷன் பிளாட்பார பெஞ்சாம். ரயில் மாறப்போகிறவர் போல நடுநடுவே எழுந்து நிற்பாராம்.

அதற்குப் பிறகு என்னால் கோபப்பட முடியவில்லை.

28 ஜூன், சனி

கண்காட்சி. இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள். காலையில் மாட்டும்போது ஷ்யாமும் வந்தார். பேனாவைக் கேட்டு வாங்கித் தன் படத்தின் கீழே பெயரை எழுதினார். நான் அடுத்த படத்தை எடுத்து மாட்டினேன்.

12 ஜூலை, சனி

கிண்டியில் இன்டர்வியூ. பன்னிரண்டு மணிக்கே போன்.

"கிடைக்கலை ப்ரியா. எங்கயும் போகலை, நேரா வீட்டுக்கு வரேன்."

குக்கரில் இன்னும் ஒரு டம்ளர் அரிசி போட்டேன்.