தலைக்கு மேலே மெயினருவி

அன்புள்ள வள்ளிக்கு,

நலமாக இருக்கிறேன். குட்டி அபிக்குச் சளி விட்டதா?

தென்காசியில் நீர்மூழ்கிக் கப்பல் படம் பார்த்தபோது, "நீங்களும் இப்படித்தான் கத்துவியளா?" என்று கேட்டாயே. இங்கே கரண்டி விழுந்தாலே கேப்டன் முறைப்பார். நான் ஹெட்போனில் கடலைக் கேட்கும் சோனார்காரன். கேட்டதை மெல்லச் சொல்வதுதான் வேலை.

போன பயணத்தில், ஆழத்தில் போய்க்கொண்டிருந்தபோது தலைக்கு மேல் பேரிரைச்சல். படத்தில் என்றால் எதிரிக் கப்பல் வந்திருக்கும். நான் என்னை மறந்து, "மெயினருவி, சார்" என்று சொல்லிவிட்டேன். குற்றாலத்தைப் பார்த்திராத கேப்டன் புரியாமல் ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்தார். கடல்மேல் மழை பெய்துகொண்டிருந்தது, வள்ளி. அத்தனை தண்ணீரையும் தாண்டி எங்களுக்குக் கேட்டது. பதிவேட்டில் 'மழை' என்று எழுதச் சொன்னவர், வெகுநேரம் ஹெட்போனைத் திருப்பித் தரவில்லை.

சாரல் தொடங்கியதும் குற்றாலம் போய் அருவிச் சத்தத்தைப் போனில் பதிந்து வை. தபால் பை கிளம்புகிறது. பதியும்போது நடுவில் நீ பேசிவிட்டால் அழித்துவிடாதே.

உன்
இசக்கியப்பன்